50 மணி நேரம் படித்தால் போதுமா? திடலில் உயிர் காக்கும் டிரெய்னர்களின் தொடர்கல்வி

2023 ஜனவரி 2. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் அமெரிக்கக் காற்பந்து ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பஃபலோ பில்ஸ் அணியின் 24 வயது டமார் ஹாம்லின், எதிரணி வீரர் ஒருவரைத் தடுத்து வீழ்த்தினார். எழுந்து நின்றார். அடுத்த சில நொடிகளில் அப்படியே பின்பக்கமாகச் சரிந்தார். நெஞ்சில் பட்ட அடியில் அவரது இதயம் நின்றுவிட்டது.

திடலிலேயே அவருக்கு சிபிஆர் எனும் இதய இயக்க மீட்புச் சிகிச்சையைச் செய்தவர் அணியின் துணை அத்லெட்டிக் டிரெய்னர் டென்னி கெலிங்டன். ஏஇடி எனும் இதயத் துடிப்பு மீட்புக் கருவியும் அங்கேயே பயன்படுத்தப்பட்டது. ஹாம்லின் பிழைத்தார். அதே ஆண்டு மறுபடியும் ஆட்டத்தில் இறங்கினார்.

அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருக்கலாம். "சரியான நேரத்துல சரியான ஆள் அங்க இருந்தாரு" என்று நினைத்திருக்கலாம். ஆனால் ஆள் இருந்தால் மட்டும் போதாது. அந்த ஆளின் கை பழகியிருக்கவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னால் கல்லூரியில் கற்றதை அந்த நொடியில் தடுமாறாமல் செய்ய, நடுவில் இருந்த ஆண்டுகளில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

அதற்கு அதிகாரபூர்வமான பெயர் 'தொடர்கல்வி'. அது எங்கே நடக்கவேண்டும்? மாநாட்டு மண்டபத்திலா, வேலையிடத்திலா? இது அமெரிக்க டிரெய்னர்களுக்கு மட்டுமான கேள்வி அன்று. பயிற்சி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பும் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு.

யார் இந்த அத்லெட்டிக் டிரெய்னர்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கச் சொல்லித்தரும் 'பெர்சனல் டிரெய்னர்' வேறு. அமெரிக்காவில் அத்லெட்டிக் டிரெய்னர் என்பவர் மருத்துவத் துறையைச் சேர்ந்த நிபுணர். காயத்தைத் தடுப்பது, திடலில் உடனடியாகப் பரிசோதிப்பது, அவசரச் சிகிச்சை அளிப்பது, வீரர் மறுபடி விளையாடத் தயாராகும்வரை கூடவே இருந்து தேற்றுவது ஆகியவை அவரது வேலை. மருத்துவர் ஒருவரின் வழிகாட்டுதலோடு செயல்படுவார்.

அவர்களுக்கான தேசியச் சங்கம் 1950-ல் தொடங்கியது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990-ல் இந்தத் தொழிலை மருத்துவம் சார்ந்த தொழிலாக ஏற்றுக்கொண்டது. இப்போது இந்தத் துறைக்குள் வர முதுகலைப் பட்டம் வேண்டும். கலிஃபோர்னியா தவிர மற்ற 49 மாநிலங்களும் ஏதோ ஒரு வகையில் இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்துகின்றன.

தொழில்முறை அணிகளில் இருப்பவர்கள்தான் தொலைக்காட்சியில் தெரிவார்கள். ஆனால் ஏராளமானோர் வேலை செய்வது உயர்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மருந்தகங்களிலும். தொழிற்சாலை ஊழியர்களின் காயங்களைக் கவனிப்பவர்களும் ராணுவத்தில் இருப்பவர்களும் உண்டு. ஒரு பள்ளிக்கு ஒரே டிரெய்னர் என்பது அங்கே சாதாரணம். அந்த ஒருவரும் இல்லாத உயர்நிலைப் பள்ளிகள் நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

விதி என்ன சொல்கிறது?

சான்றிதழை வழங்கும் வாரியத்தின் கணக்கு எளிமையானது. பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் 50 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்கவேண்டும். ஒரு மணி நேரக் கல்விக்கு ஒரு புள்ளி. கூடவே, அவசர இதயச் சிகிச்சைக்கான சான்றிதழ் ஒருநாளும் காலாவதி ஆகக்கூடாது.

புள்ளி சேர்க்கப் பல வழிகள். மாநாட்டுக்குப் போகலாம், இணைய வகுப்பில் உட்காரலாம், பல்கலைக்கழகப் பாடம் எடுக்கலாம், ஆய்வுக் கட்டுரை எழுதலாம், மற்றவர்களுக்கு உரையாற்றலாம். கணக்கு சேரவில்லை என்றால் சான்றிதழுக்கு ஆபத்து. சான்றிதழ் போனால் பெரும்பாலான மாநிலங்களில் வேலைக்கே ஆபத்து.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. விமானி, மருத்துவர், தாதி என்று எல்லாருக்கும் இப்படி ஒரு விதி உண்டே? உண்டு. தொடர்கல்வி வேண்டுமா என்பதில் சர்ச்சை இல்லை. 'மணி நேரம்' எதை அளக்கிறது என்பதில்தான் சிக்கல்.

படித்தது எவ்வளவு சீக்கிரம் பழசாகிறது?

தொடர்கல்வி ஏன் தேவை என்பதற்கு உங்களுக்கே தெரிந்த உதாரணம் ஒன்று: கணுக்கால் சுளுக்கினால் என்ன செய்வீர்கள்? "ஐஸ் வை, அசையாம இரு" என்றுதான் பள்ளியில் சொல்லித்தந்திருப்பார்கள். ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்ற அந்த நாலு வரிப் பாடத்தை 1978-ல் பிரபலமாக்கியவர் கேப் மெர்கின் எனும் அமெரிக்க மருத்துவர். சுமார் 35 ஆண்டுகள் கழித்து அவரே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். வலி குறைய ஐஸ் உதவும். ஆனால் காயத்தை ஆற்றுவது உடலே தொடங்கிவைக்கும் வீக்கமும், அளவாக அசைத்துப் பழகுவதும்தான் என்று இப்போது பல நிபுணர்கள் கருதுகிறார்கள்.

இன்னொன்று, தலையில் அடிபட்டு வரும் மூளை அதிர்ச்சி. ஒரு காலத்தில் "இருட்டு அறையில் படு, அறிகுறி எல்லாம் போகும்வரை எதுவும் செய்யாதே" என்பது அறிவுரை. இந்தத் துறையின் நிபுணர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடி வழிகாட்டியைப் புதுப்பிக்கிறார்கள். 2001-ல் வியன்னாவில் தொடங்கிய அந்த வரிசையில் 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்தது ஆறாவது கூட்டம். அதன்படி, முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு போதும். பிறகு நடை போன்ற லேசான உடற்பயிற்சியைச் சீக்கிரம் தொடங்குவது குணமடைய உதவும். ஆனால் அடிபட்ட அன்றே மறுபடி ஆட்டத்தில் இறங்கக்கூடாது, அதில் மாற்றமில்லை.

யோசித்துப் பாருங்கள். 2005-ல் பட்டம் பெற்ற டிரெய்னர் ஒருவர் அன்று படித்ததை மட்டும் நம்பி இன்று வேலை செய்தால், அடிபட்ட மாணவரைத் தேவையில்லாமல் பல நாள் அறையில் அடைத்துவைப்பார். அவர்மீது தப்பில்லை. பாடம் மாறிவிட்டது.

இந்த வகை மாற்றத்தைத் தெரிந்துகொள்ள வகுப்பறையும் இணைய உரையும் நன்றாகவே உதவும். புதிய தகவல் காதுக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி அவ்வளவு எளிதாக முடிவதில்லை.

மணி நேரக் கணக்கில் என்ன ஓட்டை?

மணி நேரம் அளப்பது வருகையை. நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்கு அது சாட்சி. செய்யத் தெரியும் என்பதற்குச் சாட்சி அல்ல.

இதை ஆய்வுகளும் சொல்கின்றன. மருத்துவத் துறையினருக்கான கல்விக் கூட்டங்கள் பற்றி 81 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது 2009-ல் வெளிவந்த காக்ரேன் மறுஆய்வு. கூட்டங்களால் பலன் உண்டு. ஆனால் வேலையில் தெரியும் முன்னேற்றம் பெரும்பாலும் சிறியது, சுமார் 6 விழுக்காட்டுப் புள்ளி என்பது அதன் முடிவு. உரையோடு கலந்துரையாடலும் செய்முறையும் சேர்ந்தால் பலன் கூடுகிறது. சிக்கலான பழக்கங்களை மாற்றுவதற்குக் கூட்டம் மட்டும் போதவில்லை.

சிபிஆர் இதற்கு நல்ல உதாரணம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சரியான ஆழத்தில், விடாமல் நெஞ்சை அழுத்தவேண்டும். இதை எழுத்துத் தேர்வில் எழுதிவிடலாம். கைகள்தான் மறக்கின்றன. பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே அந்தத் திறன் தேயத் தொடங்குகிறது என்று அமெரிக்க இதயச் சங்கம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் வழக்கமான சான்றிதழ் செல்லுபடியாவது 2 ஆண்டு! சட்டைப்பையில் அட்டை இருக்கிறது. கையில் திறன் இருக்கிறதா?

அதனால் அந்தச் சங்கம் மருத்துவமனைகளுக்காக வேறொரு முறையையும் கொண்டுவந்தது. 2 ஆண்டுக்கு ஒருமுறை நீண்ட வகுப்புக்குப் பதிலாக, 3 மாதத்துக்கு ஒருமுறை வேலையிடத்திலேயே சில நிமிடப் பயிற்சி. பொம்மையின் நெஞ்சை அழுத்தினால், ஆழம் போதுமா, வேகம் சரியா என்று கருவி அங்கேயே சொல்லிவிடும். கொஞ்சமாக, ஆனால் அடிக்கடி. மணி நேரக் கணக்கில் பார்த்தால் அற்பம். கைப்பழக்கத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசம்.

மேரிலாந்தில் நடந்தது என்ன?

தெரிந்திருப்பதற்கும் செய்வதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை 2018-ல் நடந்த ஒரு சோகம் காட்டியது.

ஜோர்டன் மெக்நேர், 19 வயது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் காற்பந்து அணி வீரர். மே 29-ஆம் தேதி பயிற்சியில் வரிசையாக 110 கெஜ ஓட்டங்கள் ஓடும்போது துவண்டார். அது வெப்பத் தாக்கம். 15 நாள் கழித்து, ஜூன் 13-ல் உயிரிழந்தார்.

பல்கலைக்கழகம் கேட்டுக்கொண்டதன்பேரில் ராட் வால்டர்ஸ் எனும் நிபுணர் விசாரித்து அறிக்கை தந்தார். அறிகுறி தெரிந்தபிறகு மெக்நேரைத் திடலிலிருந்து வெளியே கொண்டுவரவே 34 நிமிடம் ஆனது. ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு வளாகத்தை விட்டுப் புறப்பட 1 மணி 39 நிமிடம் ஆனது. உடல் வெப்பநிலையை அளக்கவில்லை. குளிர்நீரில் அமிழ்த்தவும் இல்லை.

வெப்பத் தாக்கத்துக்கு என்ன செய்யவேண்டும் என்பது அப்போது தெரியாத விஷயமா? இல்லவே இல்லை. 2001-ல் மினசோட்டா வைகிங்ஸ் வீரர் கோரி ஸ்ட்ரிங்கர் இதே காரணத்தால் இறந்ததிலிருந்தே அமெரிக்க விளையாட்டு உலகம் இதைப் பேசிவருகிறது. அவர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் 2010-ல் ஒரு நிலையமே தொடங்கப்பட்டது. பாடம் ஒரே வரி: முதலில் குளிர்வி, பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோ. பனிக்கட்டி நீர் நிரம்பிய தொட்டியில் சுமார் அரை மணி நேரத்துக்குள் உடல் வெப்பத்தைக் குறைத்துவிட்டால் கிட்டத்தட்ட எல்லாரையும் காப்பாற்றலாம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபால்மவுத் ஓட்டப்பந்தயத்தில் 18 ஆண்டுகளில் இந்தச் சிகிச்சை பெற்ற 274 பேரும் உயிர் பிழைத்ததாக 2015-ல் ஒரு ஆய்வு வெளியானது. 274-க்கு 274.

பின்பு ஏன் மேரிலாந்தில் தொட்டியைப் பயன்படுத்தவில்லை? அறிக்கையில் உள்ள ஒரு குறிப்பு மனத்தை உறுத்துகிறது. குளிர்நீர்த் தொட்டி பற்றி யோசித்திருக்கிறார்கள். ஆனால் மெக்நேர் பெரிய உடம்புக்காரர். அவரைக் கவனித்துக்கொண்டிருந்த டிரெய்னர் சிறிய உருவம். தண்ணீரில் மூழ்கிவிடுவாரோ என்ற பயம்.

அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அதற்கும் பதில் உண்டு. அக்குளுக்கு அடியில் துண்டைக் கொடுத்து இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டால் தலை தண்ணீருக்கு மேலேயே இருக்கும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள 5 நிமிடம் போதும். 130 கிலோ ஆளை வைத்து ஒருமுறை ஒத்திகை பார்த்திருந்தால், "நம்மால் தூக்க முடியுமா? எத்தனை பேர் வேண்டும்? துண்டு எங்கே இருக்கிறது?" என்ற கேள்விகள் எல்லாம் அன்றே எழுந்து அன்றே தீர்ந்திருக்கும். எந்த மாநாட்டு மண்டபத்திலும் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்காது. உங்கள் தொட்டி, உங்கள் திடல், உங்கள் ஆட்கள். விடை அங்கேதான் இருக்கிறது.

2018 ஆகஸ்ட்டில் பல்கலைக்கழகத் தலைவர், நடந்ததற்குச் சட்டரீதியாகவும் தார்மீகரீதியாகவும் பொறுப்பேற்பதாக அறிவித்தார். 2021-ல் மெக்நேரின் பெயரிலேயே மேரிலாந்து மாநிலம் மாணவ விளையாட்டாளர் பாதுகாப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது.

வேலையிடத்தில் கற்பது என்றால் எப்படி?

'வேலையிடக் கற்றல்' என்றதும் அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்து சொடுக்கி முடிக்கும் இணையப் பாடம் ஞாபகம் வரலாம். அது வகுப்பறையை வேறு நாற்காலிக்கு மாற்றியதுதான். வேலையோடு பின்னிப் பிணைந்த கற்றல் வேறு மாதிரி.

முதலாவது, ஒத்திகை. ஒவ்வொரு திடலுக்கும் எழுத்து வடிவில் அவசரகாலத் திட்டம் வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை ஒத்திகை பார்க்கவேண்டும் என்று டிரெய்னர்களின் தேசியச் சங்கம் 2002-லேயே சொல்லிவிட்டது. ஏஇடி எந்த அலமாரியில், ஆம்புலன்ஸ் எந்த வாசல் வழியாக வரும், வாசல் சாவி யாரிடம் என்பதெல்லாம் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். பூட்டிய வாசலைக் கண்டுபிடிக்கச் சரியான நாள் ஒத்திகை நாள்தான்.

இரண்டாவது, ஆட்டத்துக்கு முந்தைய கூட்டம். அமெரிக்கத் தேசியக் காற்பந்து லீக்கில் ஆட்டம் தொடங்க 60 நிமிடம் இருக்கும்போது இரு அணிகளின் மருத்துவக் குழுக்களும் கூடிப் பேசுகின்றன. யார் எங்கே நிற்பார், எந்த மருத்துவமனை, யாருடைய கையசைவுக்கு என்ன அர்த்தம் என்று சரிபார்க்கிறார்கள். ஹாம்லின் விழுந்தபோது பல கைகள் ஒரே குழுவாக இயங்கின. அது முன்கூட்டியே பேசிவைத்ததன் பலன்.

மூன்றாவது, நடந்ததை அலசுவது. நேற்று ஒருவருக்குத் தோள்பட்டை இறங்கியது. நாம் செய்ததில் எது சரி, எது தாமதம்? குற்றம் சாட்டாமல், அடுத்த முறைக்காகப் பேசுவது. சொந்த அனுபவமே பாடப்புத்தகம்.

நான்காவது, கூட வேலை செய்பவரின் கண். டிரெய்னர்களிடையே நடந்த ஆய்வுகளில் ஒரு விநோதம் திரும்பத் திரும்பத் தென்பட்டது. வெப்பத் தாக்கத்தை உறுதிசெய்ய ஆசனவாய் வழியாக வெப்பநிலை அளப்பதே நம்பகமான முறை என்று பலருக்கும் தெரிந்திருந்தது. நடைமுறையில் செய்தவர்கள் குறைவு. கூச்சம், கருவி இல்லாதது, செய்துபார்க்காதது ஆகியவை காரணங்கள். இன்னொரு உரை கேட்பதால் கூச்சம் போகாது. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று, வீரரின் மானம் காக்கும் வகையில் திரை பிடிப்பதிலிருந்து எல்லாவற்றையும் ஒருமுறை செய்துகாட்டினால் போகும்.

நல்ல யோசனைதான், ஏன் எங்கும் நடப்பதில்லை?

காரணங்கள் இல்லாமல் இல்லை.

ஆள் பற்றாக்குறை முதல் காரணம். பள்ளியில் ஒரே டிரெய்னர் என்றால் யாரோடு சேர்ந்து கற்பது? யார் அவரைப் பார்த்துத் திருத்துவது? வேலையிடக் கற்றலுக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அதனால்தான் ஒத்திகையில் பயிற்றுவிப்பாளர், பள்ளி ஊழியர், உள்ளூர் ஆம்புலன்ஸ் குழு ஆகியோரைச் சேர்த்துக்கொள்ளும்படி சொல்லப்படுகிறது.

நேரமும் பணமும் அடுத்த காரணம். மாலையும் வார இறுதியும் ஆட்டங்கள். 2023-ல் இந்தத் தொழிலின் நடுநிலைச் சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 58,000 அமெரிக்க டாலர். முதுகலைப் பட்டம் கேட்கும் மருத்துவத் தொழிலுக்கு அது பெரிய தொகை அன்று. மாநாட்டுக் கட்டணத்தை முதலாளி தராவிட்டால் சொந்தக் கைக்காசு. அப்போது கடைசி வாரத்தில் மலிவான இணைய வகுப்புகளைத் தேடி 50 புள்ளியை நிரப்புவது மனித இயல்பு. இன்னொரு பக்கம், செவ்வாய்க்கிழமை காலையில் 15 நிமிடம் பார்த்த ஒத்திகைக்கு யாரும் சான்றிதழ் அச்சடித்துத் தருவதில்லை. கணக்கில் வராத வேலையை யார் விரும்பிச் செய்வார்?

மூன்றாவது காரணம் அதிகாரம். பயிற்றுவிப்பாளர் "இன்னும் ஒரு ரவுண்டு ஓடு" என்கிறார். டிரெய்னர் "போதும்" என்கிறார். யார் பேச்சு செல்லும்? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் 5 பெரிய லீக்குகள் 2016 ஜனவரியில் ஒரு விதியை ஏற்றன: மருத்துவ முடிவில் டிரெய்னருக்கும் மருத்துவருக்கும்தான் இறுதி அதிகாரம், பயிற்றுவிப்பாளர் தலையிடக்கூடாது. தாளில் விதி இருந்தும், அன்றாடம் யார் முன் யார் தயங்குகிறார் என்பது வேலையிடத்தின் பழக்கம். அதை மாற்ற, பயிற்றுவிப்பாளரும் அதே ஒத்திகையில் நிற்கவேண்டும்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. வேலையிடத்தில் நல்ல பழக்கம் மட்டும் பரவுவதில்லை. "இங்க நாங்க எப்பவும் இப்படித்தான் செய்வோம்" என்று சொல்லிக்கொடுக்கும் மூத்தவர், 20 ஆண்டுக்கு முந்தைய தவற்றையும் சேர்த்தே கொடுத்துவிடுவார். அதனால் வெளியே போய்ப் படிப்பதை விட்டுவிடவும் முடியாது. புதிய அறிவு வெளியிலிருந்து வரவேண்டும். அது கைக்கு இறங்குவது உள்ளே நடக்கவேண்டும். இப்போதைய விதி முதல் பாதியைத் துல்லியமாக எண்ணுகிறது. இரண்டாவது பாதியை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிட்டது.

இதில் நமக்கு என்ன?

சிங்கப்பூரில் 'அத்லெட்டிக் டிரெய்னர்' என்று தனியாக உரிமம் பெறும் தொழில் இல்லை. பிசியோதெரபிஸ்ட்டுகள் தனிச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற மருத்துவம் சார்ந்த நிபுணர்கள். பள்ளித் திடலில், வார இறுதிக் காற்பந்தில், இணைப்பாட நடவடிக்கையில் முதலில் ஓடிவருபவர் பெரும்பாலும் பயிற்றுவிப்பாளர், ஆசிரியர் அல்லது உங்கள் நண்பர்.

ஆனால் ஆபத்து அதேதான். வெயிலும் ஈரப்பதமும் நமக்கு ஆண்டு முழுக்க. 2018 ஏப்ரலில் பிடோக் முகாமில் விரைவு நடைக்குப் பிறகு வெப்பத் தாக்கத்துக்கு ஆளான முழுநேரத் தேசியச் சேவையாளர் ஒருவர் அந்த மாதம் 30-ஆம் தேதி உயிரிழந்தார். சம்பவ இடத்தில் கவனிப்பு போதாததையும், மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்வதில் ஏற்பட்ட தாமதத்தையும் விசாரணைக் குழு சுட்டியது. மேரிலாந்துச் சம்பவத்துக்கு ஒரு மாதம் முந்தியது அது. நாடு வேறு, சீருடை வேறு. இரண்டிலும் இழந்தது நேரம்.

சான்றிதழ்க் கதையும் நமக்குப் பழக்கமானதுதான். இங்கும் சிபிஆர், ஏஇடி சான்றிதழ் 2 ஆண்டுக்குச் செல்லும். தேசியச் சேவையிலோ பள்ளியிலோ ஒருமுறை செய்திருப்பீர்கள். இப்போது கண்ணை மூடி யோசியுங்கள்: கையை எங்கே வைப்பீர்கள்? எவ்வளவு வேகம்? தயக்கம் வந்தால் நீங்கள் தனி ஆள் இல்லை.

திறன் மேம்பாடு என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை. எந்த வகுப்பு, எத்தனை மணி, எவ்வளவு கழிவு என்றுதான் பேச்சு ஓடும். வேலையிடத்திலேயே கற்பதை ஊக்குவிக்க 2018-ல் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஒரு தேசிய நிலையம் தொடங்கப்பட்டது பலருக்குத் தெரியாது. வகுப்பு முடிந்து அலுவலகம் திரும்பியவர் மறுநாள் எதை வேறுவிதமாகச் செய்தார் என்ற கேள்வியை, அமெரிக்க டிரெய்னரிடம் கேட்பதுபோல் நம் கணக்காளரிடமும் தாதியிடமும் நிரலாளரிடமும் கேட்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியது

விளையாட்டுக் குழு ஒன்றில் இருக்கிறீர்களா? அடுத்த பயிற்சிக்கு 10 நிமிடம் முன்னதாகப் போங்கள். மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள்.

பக்கத்தில் ஏஇடி எங்கே? வீவக புளோக் பலவற்றின் மின்தூக்கித் தளத்தில் இருக்கிறது. குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலியிலும் தேடலாம். ஆனால் திடலிலிருந்து ஒருமுறை ஓடிப் பாருங்கள். போய்வர எத்தனை நிமிடம்?

ஒருவர் வெயிலில் சுருண்டு விழுந்து, பேச்சு குழறினால், உடனே குளிர்விக்க என்ன இருக்கிறது? தொட்டி வேண்டாம், குழாய்த் தண்ணீர், ஐஸ் பெட்டி, நனைத்த துண்டுகள் போதும். யார் 995-ஐ அழைப்பார், யார் தண்ணீர் ஊற்றுவார்?

கடைசிக் கேள்வி: இதை நம் குழு கடைசியாக எப்போது செய்து பார்த்தது?

மூன்றாவது கேள்விக்கு "இதுவரை இல்லை" என்று பதில் வந்தால், வகுப்பில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்கவேண்டாம். பயிற்சிக்கு வந்திருக்கும் ஆட்களே போதும். ஒருவரைத் தரையில் படுக்கச் சொல்லுங்கள், இன்னொருவரை ஏஇடி எடுக்க ஓடச் சொல்லுங்கள், கைப்பேசியில் நேரம் குறியுங்கள். முதல் தடவை சிரிப்பும் குழப்பமுமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, அடுத்த மாதம் இன்னொரு தடவை செய்யுங்கள். நேரம் குறைந்திருக்கும்.